வேட்டைக்காரர் யார், திருடர் யார்? காட்டுயிர் வணிகத் தடைச் சட்டங்கள் வந்த வழி

2017 ஜனவரியில் தமிழ்நாட்டு இருளர் இருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குப் போனார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்பது அவர்கள் பெயர். அங்குள்ள சதுப்புநிலங்களில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, முயல், மான், பறவை என எல்லாவற்றையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. பாம்பைப் பிடித்துத் தருமாறு ஃபுளோரிடா பல்கலைக்கழகம் இவர்களை அழைத்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த மாநிலம் பரிசு அறிவித்துப் போட்டியே நடத்தியது. ஏறக்குறைய ஆயிரம் பேர் ஒரு மாதம் தேடி 106 பாம்புகளைப் பிடித்தார்கள். நம்மவர்கள் இருவரும் கையில் ஒரு கடப்பாரையோடு நடந்து, இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நாமும் மகிழ்ந்தோம்.

இதே வேலையை அனுமதிச் சீட்டு இல்லாமல் நம் ஊர் ஏரிக்கரையில் ஓர் இருளர் இளைஞர் செய்தால் என்ன ஆகும்? நம் நாட்டு மலைப்பாம்பு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். உடும்புக்கும் இதே தண்டனைதான்.

ஃபுளோரிடாவுக்கு அந்தப் பாம்புகள் எப்படிப் போயின? செல்லப்பிராணி வியாபாரிகள் ஆசியாவிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் இறக்கினார்கள். வாங்கியவர்கள் அது பெரிதாக வளர்ந்ததும் காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பல பத்தாண்டுகள் அது சட்டப்படியான வியாபாரம். 2012இல்தான் அமெரிக்க அரசு அந்தப் பாம்பின் இறக்குமதியைத் தடைசெய்தது.

காட்டு விலங்கு வணிகத்தைத் தடுக்கும் சட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அவை எதற்காக வந்தன, யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டன, யார் கையில் விலங்கு மாட்டுகின்றன என்ற வரலாறு நம் பக்கத்தில் அதிகம் எழுதப்படவில்லை. "சுற்றுச்சூழல் விஷயம்" என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். நாம் வேலை செய்யும் இருளர், நரிக்குறவர் குடியிருப்புகளில் அது வெறும் சுற்றுச்சூழல் விஷயமாக இல்லை. வீட்டில் ஆண் இல்லாத மூன்று மாதமாக, வக்கீலுக்கு அடகு வைத்த காதணியாக இருக்கிறது.

இந்தச் சட்டங்களின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. நார்மன் மன்னர்கள் பெரும் காடுகளை அரச வேட்டைக்கென்று ஒதுக்கினார்கள். 1217இல் வெளியான காட்டுச் சாசனம், இனி மான் இறைச்சிக்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டியதில்லை என்றது. அப்படி எழுதிவைக்கும் நிலை வந்தது என்றால் அதுவரை என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

1671இல் வந்த வேட்டைச் சட்டம் நமக்கு இன்னும் நெருக்கமானது. முயல், கௌதாரி போன்றவற்றை வேட்டையாட, ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும் என்றது அந்தச் சட்டம். நிலம் இல்லையென்றால் குறிப்பிட்ட உயர் அந்தஸ்துக் குடும்பத்தின் வாரிசு மகனாகப் பிறந்திருக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் சொந்த வயலில் பயிரைத் தின்னும் முயலைக்கூடக் கொல்லக் கூடாது. வேட்டை நாய், கண்ணி, துப்பாக்கி வைத்திருக்கிறார்களா என்று பண்ணையாரின் காவலாள் அவர்கள் வீட்டுக்குள் புகுந்து சோதனை போடலாம். நிலமும் பிறப்பும் இருந்தால் வேட்டைக்காரர், இல்லாவிட்டால் திருடர். சாதி என்ற சொல் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

1723இல் இது உச்சத்துக்குப் போனது. முகத்தில் கரி பூசிக்கொண்டு இரவில் மான் வேட்டைக்குப் போனவர்களை ஒடுக்கக் 'கறுப்புச் சட்டம்' வந்தது. முகத்தை மறைத்துக்கொண்டு வேட்டைக் காட்டுக்குள் இருந்தாலே தூக்கு. மான் திருட்டு, மீன்குளத்தை உடைத்தல், மரத்தை வெட்டுதல் என ஏறக்குறைய ஐம்பது குற்றங்களுக்கு மரண தண்டனை. ஒரு நூற்றாண்டு நீடித்து, 1823இல்தான் பெரும்பகுதி நீக்கப்பட்டது. ஈ.பி.தாம்சன் 1975இல் எழுதிய 'விக்ஸ் அண்ட் ஹண்டர்ஸ்' இந்தச் சட்டம் பிறந்த கதையைச் சொல்லும் நூல். சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும்.

வணிகத் தடைக்கும் அங்கேயே முன்னோடி இருக்கிறது. 1755இல் வேட்டை இறைச்சி விற்பனையை இங்கிலாந்து முற்றாகத் தடைசெய்தது. நோக்கம் முயலைக் காப்பாற்றுவது இல்லை. பண்ணையார் தன் நண்பர்களுக்குப் பரிசாக அனுப்பும் ஒரு பொருள் கடையில் காசுக்குக் கிடைத்தால் பண்ணையாரின் மதிப்பு என்னாவது? ஆனால் லண்டன் பணக்காரர்களின் விருந்து மேசைக்கு அந்த இறைச்சி வேண்டியிருந்தது. கிராமத்து ஏழை இரவில் கண்ணி வைத்துப் பிடித்தார். குதிரை வண்டியில் சரக்கு லண்டன் போனது. விற்றவருக்குத் தண்டனை. வாங்குவதும் குற்றம் என்ற சட்டம் வந்தது 1818இல்; அதாவது 63 ஆண்டு கழித்து. 1831இல் உரிமம் பெற்ற வியாபாரிகள் விற்கலாம் என்று தடையையே எடுத்துவிட்டார்கள்.

இந்த மூளையோடுதான் வெள்ளைக்காரர் நம் மலைகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனார்கள்.

நீலகிரியில் 1877இல் வேட்டைச் சங்கம் தொடங்கப்பட்டது. 1879இல் மதராஸ் அரசாங்கம் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காட்டெருமை, கடமான், வரையாடு போன்றவற்றை இந்த மாதங்களில் சுடக் கூடாது, மற்ற மாதங்களில் உரிமம் வாங்கிச் சுடலாம் என்பது ஏற்பாடு. உரிமம் வாங்கும் இடத்தில் இருந்தவர்கள் தேயிலைத் தோட்ட முதலாளிகளும் பட்டாளத்து அதிகாரிகளும். அந்த மலையில் காலங்காலமாகக் கண்ணி வைத்துப் பிழைத்த இருளரும் குறும்பரும் ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் ஆனார்கள். புலிக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. அதைக் கொன்றால் அரசே வெகுமதி கொடுத்தது. சுர்குஜா மகாராஜா தன் வாழ்நாளில் 1,100 புலிகளுக்கு மேல் சுட்டதாகப் பெருமையாகச் சொல்லப்பட்டது. இப்படிப்பட்ட வேட்டைகளில் தப்பட்டை அடித்துப் புலியைத் துப்பாக்கிக்கு எதிரே ஓட்டிவிட்ட ஆட்கள் யார், அவர்களில் எத்தனை பேரைப் புலி கிழித்தது என்ற கணக்கை எந்த மகாராஜாவும் எழுதி வைக்கவில்லை.

ஆப்பிரிக்காவில் 1900ஆம் ஆண்டு. பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், போர்ச்சுகல் முதலிய ஆட்சியாளர்கள் மே மாதம் லண்டனில் கூடி ஆப்பிரிக்க விலங்குகளைக் காக்க ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். காட்டுயிர் பற்றிய முதல் பன்னாட்டு ஒப்பந்தங்களில் ஒன்று. கையெழுத்திட்டவர்களில் ஆப்பிரிக்கர் ஒருவரும் இல்லை. உரிமம் பெற்றுத் துப்பாக்கியால் சுடுவது அதன்படி ஒழுங்கான வேட்டை. ஆப்பிரிக்கர்கள் பயன்படுத்திய வலையும் படுகுழியும் கட்டுப்படுத்தப்பட வேண்டியவை. சிங்கம், சிறுத்தை, முதலை, நச்சுப்பாம்பு, மலைப்பாம்பு எல்லாம் தீங்கு செய்பவை என்று குறைக்கச் சொன்ன பட்டியலும் அதில் இருந்தது. போதிய நாடுகள் உறுதிசெய்யாததால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் காலனிகளின் உள்ளூர்ச் சட்டங்கள் அதையே அச்சாக வைத்து எழுதப்பட்டன.

1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், மகன் கெர்மிட்டோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்கு வந்தார். இருவரும் சுட்டவை 512. அதில் சிங்கம் மட்டும் 17, யானை 11. அருங்காட்சியகத்துக்காக என்று சொன்னார்கள், உலகம் கைதட்டியது. அதே கென்யாவில் வாட்டா என்ற மக்கள் யானை வேட்டையையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள். ஆளுயர வில், நச்சு தடவிய அம்பு. 1950களின் நடுவில் சாவோ தேசியப் பூங்காவில் நடந்த கள்ளவேட்டை ஒழிப்பு நடவடிக்கையில் அவர்கள் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். அவர்களிடம் தந்தம் வாங்கி மொம்பாசா துறைமுகத்தில் கப்பல் ஏற்றிய வணிகர்களின் வலைப்பின்னல் அப்படியே இருந்தது. பிறகு குற்ற உணர்வோ என்னவோ, 1960இல் காலானா ஆற்றுப்பகுதியில் வாட்டா மக்களுக்குச் சட்டப்படி வேட்டை வேலை தரும் ஒரு திட்டத்தை அதிகாரிகள் தொடங்கினார்கள். அதிலும் வாட்டாக்கள் கூலியாட்களாகவே நின்றார்கள். சில ஆண்டுகளில் திட்டம் முடிந்துபோனது.

இந்தக் காலானா கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். நம் இருளர் கதைக்கு அது பக்கத்து வீடு.

சென்னையைச் சுற்றியிருந்த இருளர்கள் சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதி பாம்புத்தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைப்பை, செருப்பு, இடுப்புவார் செய்ய ஆண்டுதோறும் லட்சக்கணக்கான தோல்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. சென்னை அதில் முக்கியமான சந்தை. பாம்பைப் பிடித்த இருளருக்குக் கிடைத்தது ஒரு பாம்புக்குச் சில ரூபாய். தோல் பதனிடும் தொட்டிகளில் நின்றவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தீட்டு என்று ஊர் ஒதுக்கிய இரண்டு வேலைகளும் சேர்ந்து உருவாக்கிய பொருள் பாரிஸ் கடைக் கண்ணாடிக்குள் போனதும் நாகரிகம் ஆனது.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 மார்ச்சில் வாஷிங்டனில் 'சைட்டீஸ்' எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. அருகிவரும் காட்டு விலங்குகளும் தாவரங்களும் நாடு விட்டு நாடு விற்கப்படுவதைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. 1976இல் இந்தியா சேர்ந்தது. எழுபதுகளின் நடுவில் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது. நிற்கத்தான் வேண்டும், அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. அந்த வேகத்தில் போயிருந்தால் பாம்பும் மிஞ்சியிருக்காது, வயலில் எலியை யாராலும் அடக்கியிருக்க முடியாது. ஆனால் சட்டம் எழுதியவர்கள், இந்தத் தொழிலில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுத்த நாள் காலை என்ன சாப்பிடும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தோல் வியாபாரி வேறு தோலுக்கு மாறிக்கொண்டார். காடும் பாம்பும் கைவிட்டுப் போனபின் செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்குத் தோப்பு என முன்பணத்துக்குச் சிக்கிக் கொத்தடிமைகளான இருளர் குடும்பங்களை இன்றும் மீட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த இருட்டில் ஒரு வெளிச்சம் 1978இல் வந்தது. ரோமுலஸ் விட்டேக்கர் என்ற பாம்பு ஆய்வாளர் முன்முயற்சி எடுக்க, இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. போகிற வழியில் இறங்கிப் பார்க்கலாம். கொல்வதற்குப் பதில் பிடித்து, நஞ்சு எடுத்து, திரும்ப விடுவது என்ற எளிய யோசனை. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் அனுமதி. துணி கட்டிய மண்பானைகளில் பாம்பை வைத்திருப்பார்கள். வாரம் ஒருமுறை வீதம் நான்கு முறை நஞ்சு எடுத்தபின் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் அடையாளம் காட்டிக்கொடுக்கும். நஞ்சைப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. இரவில் வெறுங்காலோடு வரப்பில் நடப்பவர்களும் தரையில் படுத்துத் தூங்குபவர்களும் யார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் உயிரைக் காக்கும் மருந்து இருளரின் கையிலிருந்து தொடங்குகிறது. "இருளர் பழங்குடிதானே, தலித் இயக்கத்துக்கு என்ன வேலை" என்று கூட்டங்களில் கேட்கும் தோழர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறோம்.

காலானாவில் தோற்றது இங்கே ஓரளவு நின்றதற்குக் காரணம், சங்கம் உறுப்பினர்களுடையது என்பது. இருளருக்கே தெரிந்த அறிவு அதன் முதல். ஆனாலும் குடுமி வனத்துறையின் கையில் இருக்கிறது. எந்தப் பாம்பு எத்தனை பிடிக்கலாம் என்று ஆண்டுதோறும் அரசாணை வர வேண்டும். ஆணை தாமதமானால் அந்தப் பருவத்தின் வருமானம் போனதுதான். கோப்பு ஒரு மேசையில் தூங்குவதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை.

பத்மஸ்ரீ கொடுத்த அரசும் அந்த அறிவை உரிமையாக ஏற்கவில்லை, சலுகையாகவே வைத்திருக்கிறது. 2006இல் வந்த வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்ட 'வரலாற்று அநீதி'யைச் சரிசெய்ய என்று முகப்புரையிலேயே சொல்கிறது. மரபான உரிமைகள் எல்லாவற்றையும் அங்கீகரித்துவிட்டு, வேட்டையாடும் உரிமையும் கண்ணி வைத்துப் பிடிக்கும் உரிமையும் தவிர என்று ஒரு வாலையும் ஒட்டுகிறது. நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுடைய வேட்டை உரிமைக்கு 1972 சட்டத்தின் 65ஆவது பிரிவு விலக்கு கொடுத்திருக்கிறது. நிலப்பரப்பில் உள்ள பழங்குடிகளுக்கு அது கிடையாது.

வேறு வழியே இல்லையா என்றால், ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1994இல் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் முரண்டூ யான்னர் என்ற பூர்வகுடித் தலைவர் மரபான ஈட்டியால் இரண்டு முதலைக் குட்டிகளைப் பிடித்தார். சிலவற்றை உறவினரோடு சேர்ந்து உண்டார், தோலை வைத்துக்கொண்டார். உரிமம் இல்லை என்று வழக்கு. காட்டு விலங்கெல்லாம் அரசின் சொத்து என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, ஆகவே பூர்வகுடி உரிமை முடிந்துபோனது என்று மாநில அரசு வாதாடியது. 1999இல் அந்நாட்டு உயர்மட்ட நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காட்டு விலங்கைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் வீட்டு மாட்டைப்போல் அது அரசின் உடைமை ஆகிவிடாது என்றது. அந்த நாட்டின் 1993ஆம் ஆண்டு பூர்வகுடி உரிமைச் சட்டம், சொந்தத் தேவைக்கான வேட்டையையும் விற்பனைக்கான வேட்டையையும் தெளிவாகப் பிரிக்கிறது. நம் சட்டத்தில் அந்தக் கோடே இல்லை. குழந்தைக்குக் குழம்பு வைக்கப் பிடித்த உடும்பும், கடத்தல்காரருக்கு விற்கப் பிடித்த உடும்பும் ஒன்றுதான்.

வாங்குபவரைப் பார்த்து எழுதிய சட்டமும் உலகில் உண்டு. அமெரிக்காவின் லேசிச் சட்டம், 1900. கோடிக்கணக்கில் பறந்த பயணப்புறாவைச் சுட்டுப் பீப்பாய் பீப்பாயாக நகரங்களுக்கு ரயிலில் அனுப்பிய காலம் அது. (கடைசிப் பயணப்புறா 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் செத்தது.) ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிக் கொன்றதை வேறு மாநிலத்துக்கு அனுப்பியவர், தெரிந்தே ஏற்றிச் சென்றவர், தெரிந்தே பெற்றுக்கொண்டவர் என மூவருக்கும் அந்தச் சட்டம் அபராதம் போட்டது. பின்னாளில் வெளிநாட்டுச் சட்டத்தை மீறி எடுத்த பொருளுக்கும் அது விரிந்தது. இப்படி ஒரு சட்டம் இருந்தால் நரம்பின் மறுமுனையைப் பிடிக்கலாம்.

அதற்காக அமெரிக்காவைக் கொண்டாடவும் முடியாது. 1909இல் பென்சில்வேனியா மாநிலம், குடியுரிமை இல்லாத வெளிநாட்டவர் வேட்டையாடக் கூடாது, வேட்டைத் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. குறிவைத்தது சுரங்கங்களில் வேலைபார்த்த இத்தாலியக் கூலிகளை. 1914இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. குடியேறியவர்கள் பறவைகளைக் கொல்வார்கள் என்று அரசு நம்புவதற்கு இடமிருக்கிறதாம். நம் ஊரில் 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்தியவர்களின் தர்க்கம் இதிலிருந்து எவ்வளவு தூரம்?

விதிவிலக்கு யாருக்குக் கிடைக்கிறது என்று பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2018இல் நிறைவேறி 2022இல் நடைமுறைக்கு வந்தது. உலகின் கடுமையான தந்தத் தடைகளில் ஒன்று என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1918க்கு முந்தைய அரிய கலைப்பொருளுக்கு விலக்கு. 1975க்கு முந்தைய இசைக்கருவிக்கு, தந்தம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் விலக்கு. பாட்டனார் வாங்கிய பியானோவை விற்கலாம். அந்தத் தந்தத்தைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் தோளில் சுமந்து கடற்கரைக்கு நடந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்கு எந்த விலக்கும் எழுதவில்லை. கென்யாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அருகிவரும் விலங்கைக் கொன்றால் ஆயுள் தண்டனை வரை போகிறது. அதே நாட்டில், இரண்டு டன்னுக்கு மேல் தந்தம் பதுக்கியதாக 2016இல் 20 ஆண்டு தண்டனை பெற்ற ஒரு வணிகர், 2018இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். சாட்சியத்தில் ஓட்டை. நல்ல வக்கீல் இருந்தால் ஓட்டை தெரியும். போட்ஸ்வானா 2014இல் வேட்டையை முற்றாகத் தடைசெய்தபோது காலஹாரியின் சான் மக்களுக்கும் அது பொருந்தியது. வேலியிட்ட தனியார் வேட்டைப் பண்ணைகளில் பணம் கட்டிச் சுட வரும் வெளிநாட்டவருக்குப் பொருந்தவில்லை. சீனா 2017 முடிவில் உள்நாட்டுத் தந்த விற்பனையை நிறுத்தியதைத்தான் நாம் முக்கியமாகக் கருதுகிறோம். அது கடையை மூடியது.

மரத்துக்கும் இதே கதை. செம்மரமும் சைட்டீஸ் பட்டியலில் இருக்கும் சரக்குதான், வாங்குபவர்கள் பெரும்பாலும் கிழக்காசியாவில். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள். ஜவ்வாது மலைப் பழங்குடிகளும் அதில் இருந்தார்கள். அதற்கு 23 ஆண்டு முன்பு, 1992 ஜூன் 20, வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக் கும்பல் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். 2011இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு ஆண்டு. கடத்தலைத் தடுப்பது என்ற பெயரில் ஒரு சீருடைக்கு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு உலகத்தில் எங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இப்போதைய சட்டத்தில் அந்தச் சீருடைக்கு இருக்கும் அதிகாரத்தைக் களத்தில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று நமக்குத் தெரியும். வனத்துறை அதிகாரி போலீஸ் அல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதால் அவரிடம் சொன்னது சாட்சியமாகப் பயன்படக்கூடும். 50ஆவது பிரிவின்படி உதவி வனப் பாதுகாவலர் மட்டத்து அதிகாரி சாட்சியத்தைப் பதிவுசெய்யலாம். குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையில் எடுத்திருந்தால் அதை விசாரணையில் பயன்படுத்தலாம். 57ஆவது பிரிவின்படி ஒருவர் வசம் காட்டுயிர்ப் பொருள் இருந்தது என்று நிறுவப்பட்டால், அது சட்டவிரோதம் இல்லை என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ரேஞ்சர் அலுவலகத்தில் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. நாம் பார்த்த ஒரு வழக்கில் கைப்பற்றியதாக எழுதப்பட்ட வலை, அந்தக் குடும்பம் மீன் பிடிக்க வைத்திருந்த வலை.

ஆகவே யாரையாவது வனத்துறை கூட்டிப்போனதாகத் தகவல் வந்தால், முதலில் எந்த விலங்கு, எந்த அட்டவணை என்று கேட்க வேண்டும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அட்டவணைகள் மாறிவிட்டன, பழைய புத்தகத்தைப் பார்த்து வாதாடக் கூடாது. 24 மணி நேரத்தில் நடுவர் முன் நிறுத்தினார்களா என்று நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் ஊர்க்காரர்களா, துறை ஆட்களா என்று பார்க்க வேண்டும். வழக்கு பொய் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(p) பிரிவில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பொய்வழக்குப் போடுவதே குற்றம். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். இருளர் குடியிருப்புகளில் இன்னும் பலரிடம் அது இல்லை, முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். வழக்கறிஞருக்குக் காசில்லை என்று யாரும் உட்கார வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே மனு கொடுக்கலாம்.